அச்சகக் கணினியின் விண்டோஸைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி?

யாங்கோன் அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். கோவில் திருவிழா அறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள், கருமாதிப் பத்திரிகைகள் ஆகியவற்றைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் வடிவமைத்து அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை யாங்கோனில் நடத்தி வருகிறேன். கடையின் முதன்மைக் கணினியில் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலியும், எச்81 மதர்போர்டும், 8 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. முதலில் விண்டோஸ் 7 இருந்தது. பிறகு அதன் மேலேயே விண்டோஸ் 10 ஆக உயர்த்திக்கொண்டோம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் ஏறத்தாழ 170 ஜிபி நிரம்பியிருக்கிறது.

கணினியைத் திறந்தால், முகப்புத் திரை வந்த பிறகும் வெகுநேரத்துக்கு எதையும் சொடுக்க முடிவதில்லை. இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது என்பதால், கிடைக்கும் நேரத்தில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்பிலேயே போய்விடுகிறது. ஆகவே சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு ஒன்று வாங்கி, இயங்குதளத்தை அப்படியே அதற்கு மாற்றிவிட விரும்புகிறேன்.

புதிதாக விண்டோஸ் நிறுவுவது எனக்குச் சரிப்படாது. வாடிக்கையாளர்களின் பழைய அழைப்பிதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 கோப்புகளாகவும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. அந்த மென்பொருளை நிறுவிய குறுந்தட்டு இப்போது கைவசம் இல்லை. பர்மிய மொழிக்கு யூனிகோடு, அதற்கு முன் புழங்கிய பழைய எழுத்துக் குறியீடான ஸாஜி ஆகிய இரண்டுக்குமான விசைப்பலகைகளும் அதே கணினியில் அமைக்கப்பட்டிருக்கின்றன. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியிருந்தாலும், ஸாஜியில் அடித்த பழைய கோப்போடு கடைக்கு வருகிறவர்கள் இன்னும் உண்டு.

240 ஜிபி எஸ்எஸ்டி போதுமா, குளோன் செய்வதற்கு, அதாவது வட்டை அப்படியே நகலெடுப்பதற்கு, எந்த மென்பொருள் ஏற்றது, நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்பவற்றை அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

மோல்மீன் பழுதகம்:

வணக்கம் தம்பி. மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். "சொடுக்க முடிவதில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது, ஹார்ட் டிஸ்க் இயல்பாகவே மெதுவானது என்பதால் வந்ததாகவும் இருக்கலாம்; அந்த டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருப்பதால் வந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, 05, சி5, சி6 என்று எண்ணிடப்பட்ட மூன்று வரிகளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று எழுதுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (வட்டில் தரவு எழுதப்படும் மிகச் சிறிய கூறுகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. அந்த மென்பொருள் இவற்றைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். ஆகவே அங்கே 10 என்று இருந்தால் அது 16 என்று கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, உங்கள் மதர்போர்டின் காலத்துப் பலகைகள் பொதுவாக என்விஎம்இ என்ற புதிய, வேகமான எஸ்எஸ்டி வகையிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்குவதில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கம்பியில் இணையும் 2.5 அங்குல சாட்டா வகையையே வாங்குங்கள். அதன் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில்தான் நிற்கும் என்றாலும், உங்களுக்கு வேண்டியது அந்த வேகம் அன்று. ஹார்ட் டிஸ்க்கின் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி பிடிக்கிறது. எஸ்எஸ்டியில் அது 0.1 மில்லி நொடிக்கும் குறைவு. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது. எச்81 பலகையில் இரண்டு சாட்டா துளைகள் 6 ஜிகாபிட் வேகத்திலும் மற்ற இரண்டு 3 ஜிகாபிட் வேகத்திலும் இயங்குபவை. வேகமான துளையில் செருகுவதற்குக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைப் பற்றி ஒரு வேண்டுகோள். 240 ஜிபியில் உங்கள் 170 ஜிபி அடங்கும். ஆனால் சிறிய வட்டுக்கு மாற்றும்போது பகுதிகளைச் சுருக்க வேண்டும். அப்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன. குளோன்ஸில்லா என்ற இலவச நகலெடுப்பு மென்பொருள் தன் இயல்பான அமைப்பில், மூல வட்டைவிடச் சிறிய வட்டை ஏற்றுக்கொள்வதில்லை. பணம் இடம் கொடுத்தால் 500 ஜிபி வாங்குங்கள். 480 ஜிபி என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் 97,67,73,168 செக்டர்கள் இருக்கின்றன. 500 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டியிலும் வழக்கமாக அதே எண்ணிக்கைதான். 480 ஜிபியில் 93,77,03,088 செக்டர்கள்தான் உள்ளன. விலை வேறுபாடு சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒன்றில் வட்டை வரிக்கு வரி அப்படியே இறக்கிவிடலாம், மற்றதில் முடியாது.

பெகு வாசகன்:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 7 மீது 10 ஏற்றி, அதன் மீது ஆண்டுக்கணக்கில் மென்பொருள்களைப் போட்டும் நீக்கியும் வந்த ஓர் அமைப்பை அப்படியே புதிய வட்டுக்குக் கொண்டு போனால், பழைய குப்பையும் கூடவே வந்து சேரும். புதிதாக நிறுவினால் அந்தச் சுமை இராது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கருத வேண்டும். எழுத்துருக்களை மட்டும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்துக்கொண்டு, பழைய வட்டை இரண்டாம் வட்டாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். உரிமம் பற்றிக் கவலை வேண்டியதில்லை. டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது என்பதால், வட்டை மாற்றினாலும் இணையத்தோடு இணைந்தவுடன் விண்டோஸ் தானே செயலாக்கம் பெற்றுவிடும்.

யாங்கோன் அச்சகம்:

இருவருக்கும் நன்றி. பெகு நண்பர் சொல்வது பொதுவாகச் சரியாக இருக்கலாம். ஆனால் எழுத்துருக்களை எடுத்துவிட முடிந்தாலும் பேஜ்மேக்கரைத் திரும்ப நிறுவ வழியில்லை. இங்குள்ள இணைய வேகத்தில் விண்டோஸ் கோப்பைப் பதிவிறக்கி, பின்பு அதன் மேம்படுத்தல்களையும் இறக்குவது பெரும்பாடு.

மோல்மீன் ஐயா கேட்ட மதிப்புகளைப் பார்த்தேன். 05 வரியில் 8, சி5 வரியில் 18, சி6 வரியில் 18 என்று இருக்கின்றன. மேலே மஞ்சள் நிறத்தில் "எச்சரிக்கை" என்று காட்டுகிறது. இந்த நிலையில் குளோன் செய்யலாமா? என்னிடம் பாதிக்கு மேல் காலியாக உள்ள 1 டெராபைட் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது.

மோல்மீன் பழுதகம்:

பதினாறின் அடிமானத்தில் 18 என்றால் 24. ஆக, உங்கள் டிஸ்க்கில் 24 செக்டர்களைப் படிக்க முடியவில்லை. 500 ஜிபியில் அது ஒரு துளிதான் என்றாலும், இந்த எண் ஒருமுறை ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் நிற்பதில்லை. எந்த வேகத்தில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இது இனி "வேகத்தைக் கூட்டும் வேலை" அன்று. தரவை மீட்கும் வேலை. இன்றே அந்தக் கணினியில் புதிய பணிகளை நிறுத்திவிட்டு, மிக முக்கியமான அழைப்பிதழ்க் கோப்புகளை மட்டும் வேறோர் இடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை இந்த வட்டின் மேல் ஓட்ட வேண்டாம். அது நோயுற்ற வட்டை முழுவதும் துருவித் துருவிப் படிப்பதோடு, கோப்பு அட்டவணையிலும் அங்கேயே எழுதும். அந்தச் சோதனையை நகலின் மேல் செய்துகொள்ளலாம்.

வழக்கமான குளோன் மென்பொருள்கள் படிக்க முடியாத இடம் வந்ததும் நின்றுவிடும், அல்லது அதே இடத்தை மீண்டும் மீண்டும் முயன்று வட்டை மேலும் வருத்தும். உங்களுக்கு ஏற்றது டிடிரெஸ்க்யூ என்ற கருவி. க்னூ திட்டத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் வட்டில் உள்ளடக்கமாகவே வருகிறது. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அப்போது விண்டோஸ் இயங்காது. மூல வட்டில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள்.

இந்தக் கருவியை நான் பரிந்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது எளிதில் படிக்கக்கூடிய இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைத் தாண்டிச் சென்று, அவற்றுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். நடுவில் டிஸ்க் உயிரை விட்டாலும், பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும். இரண்டாவது காரணம் நம் ஊருக்கென்றே அமைந்தது போன்றது. எந்த இடம் எடுக்கப்பட்டது, எது பாக்கி என்பதை அது வரைபடக் கோப்பு ஒன்றில் அவ்வப்போது குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போய்விட்டால், திரும்ப வந்த பிறகு அதே கட்டளையை அதே வரைபடக் கோப்போடு கொடுத்தால் போதும். விட்ட இடத்தின் அருகிலிருந்தே தொடரும். நீங்கள் முதலில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுதான் விடை. ஆனால் வரைபடக் கோப்பை வெளிப்புற வட்டில்தான் சேமிக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து தொடங்கிய லினக்ஸின் முகப்பில் வைத்தால், அது நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும்.

நேராக எஸ்எஸ்டிக்கு எடுக்காமல், முதலில் வெளிப்புற வட்டில் முழு வட்டின் நகலும் அடங்கிய ஒரே பெரிய படிமக் கோப்பாக எடுங்கள். எஸ்எஸ்டியில் ஏதாவது தவறினாலும், நோயுற்ற டிஸ்க்கை மறுபடி தொட வேண்டிய தேவை இராது. வெளிப்புற வட்டு என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்க வேண்டும். ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. முழுப் படிமத்துக்கும் 500 ஜிபி இடம் காலியாக இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்.

கட்டளையில் முதலில் மூல வட்டு, அடுத்து படிமக் கோப்பு, கடைசியில் வரைபடக் கோப்பு என்ற வரிசை வர வேண்டும். இந்த வரிசை மாறினால் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் சூட்டும்போது எது எதற்குச் சேரும் என்று அனுமானிக்காதீர்கள். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் தயாரிப்பு மாதிரியையும் கொள்ளளவையும் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன்பின் கட்டளையைத் தட்டச்சு செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் "-n" என்ற தெரிவைச் சேருங்கள்; பழுதான இடங்களைச் சுரண்டும் கட்டத்தை அது தவிர்த்துவிடும். அது முடிந்த பிறகு, அந்தத் தெரிவு இல்லாமல், மூன்று மறுமுயற்சிகளோடு இரண்டாம் ஓட்டம் ஓட்டுங்கள்.

திங்கன்ஜூன் ஆசிரியை:

மோல்மீன் ஐயா எழுதியவற்றோடு மின்சாரம் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். நகலெடுக்கப் பிடிக்கும் நேரத்தை முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. வெளிப்புற வட்டை நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால், நொடிக்கு 100 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும் என்பதால், அதே வேலைக்கு நான்கு மணி நேரம் தேவைப்படும். பழுதான இடங்களில் வேகம் வெகுவாகக் குறையும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்தவுடன் தொடங்குவது, முறை முடியப்போகும் நேரத்துக்குச் சற்று முன்பு கன்ட்ரோல்-சி கொடுத்து நீங்களே நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், திடீரென்று நின்றுபோகும் ஆபத்து இராது.

வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்திலேயே மேசைக் கணினி அணைந்து மீண்டும் தொடங்கிவிடுவது உண்டு. இடையில் சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறதே, அதில் வைத்து எடுக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால், யுஎஸ்பி கம்பி மட்டும் அதை இயக்காது. அதற்கும் தனி மின்னிணைப்பு தேவைப்படும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். மென்பொருளை ஏமாற்றி அதிகக் கொள்ளளவு காட்டும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் வட்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். உங்கள் தரவு அதில் ஏறுவதற்கு முன்பு செய்தால் மட்டுமே அந்தச் சோதனைக்குப் பயன் உண்டு.

பெகு வாசகன்:

டிஸ்க்கின் நிலை இப்படி என்று தெரிந்த பிறகு, முதலில் முழுப் படிமம் எடுப்பதே முறை என்பதை நானும் ஏற்கிறேன். ஒரே ஓர் ஐயம். அந்தக் கணினியில் விண்டோஸ் 7 காலத்து எம்பிஆர் என்ற பழைய வட்டுப் பகுப்பு அமைப்புதான் இருக்கும். எஸ்எஸ்டிக்கு மாற்றும்போதே அதை ஜிபிடி என்ற புதிய பகுப்பு அமைப்பாக்கி, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாறிவிடுவது நல்லதல்லவா? அதற்கென்று எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பிலிருந்தே மைக்ரோசாஃப்ட் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

மோல்மீன் பழுதகம்:

கருவி நல்ல கருவிதான், ஆனால் இங்கே அதற்குத் தேவை எழவில்லை. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளில்தான் எம்பிஆர் தடையாகிறது. விண்டோஸ் 11க்குப் போவதற்காக மாற்றலாம் என்றால், அதன் ஆதரவுப் பட்டியலில் இன்டெல்லின் முதன்மைச் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். தம்பியின் கணினி அங்கே எட்டாது. ஒரே நாளில் வட்டையும் மாற்றி, தொடக்க முறையையும் மாற்றினால், ஏதேனும் தவறும்போது எதனால் தவறியது என்று கண்டுபிடிப்பது கடினம். முதலில் மாற்றம் நல்லபடியாக முடியட்டும்; மற்றதைத் தேவைப்படும் நாளில் செய்துகொள்ளலாம்.

யாங்கோன் அச்சகம்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அக்கா சொன்னபடி யுஎஸ்பி 3 துளையில் செருகி, மின்சார முறைக்கு ஏற்ப நிறுத்தியும் தொடர்ந்தும் படிமத்தை எடுத்து முடித்தேன். நடுவில் மின்சாரம் முன்னதாகவே போய்விட்டது. ஆனால் வரைபடக் கோப்பு இருந்ததால் பழையபடி தொடர்ந்தது. இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகு 6,144 பைட்டுகள் மட்டும் மீளவில்லை என்று காட்டுகிறது. 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, சோதித்து, படிமத்தை அதில் இறக்கிவிட்டேன்.

இப்போது எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் தொடங்குகிறது. ஆனால் பழைய டிஸ்க்கையும் சேர்த்துப் பொருத்தியபோது, வட்டு மேலாண்மைப் பக்கத்தில் அது "ஆஃப்லைன்" என்று நிற்கிறது. இதை இயங்க வைக்கலாமா? மேலும், மீளாத அந்தப் பைட்டுகள் எந்தக் கோப்புகளைச் சேர்ந்தவை என்று அறிய வழி உண்டா?

மோல்மீன் பழுதகம்:

இயங்க வைக்க வேண்டாம் தம்பி. வரிக்கு வரி நகலெடுத்ததால், இரண்டு வட்டுகளுக்கும் ஒரே கையொப்ப எண் இருக்கிறது. ஒரே எண்ணோடு இரண்டு வட்டுகள் இருக்கக் கூடாது என்பதால்தான் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் அதை "ஆன்லைன்" ஆக்கினால், விண்டோஸ் அதற்குப் புது எண் எழுதிவிடும். தொடக்கத் தகவல்கள் பழைய எண்ணையே தேடுவதால், பிறகு அந்த வட்டிலிருந்து கணினியைத் தொடங்க முடியாமல் போகலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். புதிய அமைப்பில் எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகத் திறக்கின்றன என்று நிறைவு ஏற்படும் வரை, அதையும் வெளிப்புற வட்டில் உள்ள படிமத்தையும் அழிக்க வேண்டாம்.

6,144 பைட்டுகள் என்பது 512 பைட் அளவுள்ள 12 செக்டர்கள். நிலுவையில் இருந்த 24 இல் பாதியை இரண்டாம் ஓட்டம் மீட்டுவிட்டது. இது நல்ல முடிவு. மீளாத இடங்கள் நகலில் சுழியங்களாக நிற்கும். அவை காலி இடத்திலும் விழுந்திருக்கலாம், ஒரு கோப்பின் நடுவிலும் விழுந்திருக்கலாம். முதலில் எஸ்எஸ்டியின் மேல் செக்டிஸ்க் ஓட்டுங்கள். அது கோப்பு அட்டவணையைச் சீராக்கும். அடுத்து எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற தெரிவோடு ஓட்டினால், விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் பழுது இருந்தால் தெரிந்துவிடும்.

உங்கள் அழைப்பிதழ்க் கோப்புகளுக்கு இந்த இரண்டும் உத்தரவாதம் தரா. அதற்கு வரைபடக் கோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை ஒன்று இருக்கிறது. மீளாத இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் அடையாளச் சொல்லை அது எழுதிவிடும். வெளிப்புற வட்டின் படிமத்தில் அப்படி எழுதி, அதை லினக்ஸில் படிக்க மட்டும் ஏற்றி, அந்தச் சொல்லைக் கோப்புகளுக்குள் தேடினால், எந்தக் கோப்பு பாதிக்கப்பட்டது என்று பெயரோடு தெரியும். 12 செக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஓரிரு கோப்புகளோடு முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. படிமத்தை முழுவதுமாக இறக்கியதால், காலி இடத்தையும் சேர்த்து எஸ்எஸ்டியின் ஒவ்வொரு செக்டரும் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே அந்த வட்டு தன்னை முழுவதும் நிரம்பியதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். எழுதும் வேகமும் ஆயுளும் இதனால் குறையும். விண்டோஸில் வட்டுகளைச் செம்மைப்படுத்தும் பக்கத்தைத் திறந்து, சி வட்டின் வகை "சாலிட் ஸ்டேட் டிரைவ்" என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படிக் காட்டினால் "ஆப்டிமைஸ்" பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விண்டோஸ் அந்த வகை வட்டை ஹார்ட் டிஸ்க்கைப் போலக் கலைத்து அடுக்காமல், எந்த இடங்கள் காலி என்பதை டிரிம் கட்டளை வழியாக அதற்குத் தெரிவித்துவிடும். மதர்போர்டின் அமைப்பில் வட்டோடு பேசும் சாட்டா முறை புதிய வகையான ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வகையான ஐடிஇ என்று இருந்தால் உடனே மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவி மூலம் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி குறித்துவிட்டு, அணைத்து, மதர்போர்டில் ஏஎச்சிஐக்கு மாற்றி, பாதுகாப்பு முறையில் ஒருமுறை தொடங்கி, பின்பு அந்தக் குறியை நீக்குங்கள்.

யாங்கோன் அச்சகம்:

சாட்டா முறை ஏஎச்சிஐ என்றுதான் இருக்கிறது. ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினேன். சில நொடிகளிலேயே முடிந்தது. எஸ்எஃப்சி பழுது எதையும் காட்டவில்லை. நிரப்பும் முறையில் தேடியதில், பழைய திருவிழா அறிக்கை ஒன்றுக்காக வருடி வைத்த படக் கோப்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது. அதன் அச்சுப் பிரதி கடையில் இருப்பதால், திரும்ப வருடிக்கொள்வேன்.